மரீனோவும் தகோராவும் அம்மா சொன்ன ஓமும்

விடத்தல்தீவு,
2012, ஆனி மாதக் கடைசி.

பாசமுள்ள றொசாந்தன் அண்ணா அவர்களுக்கு,

கட்டார் தேசத்து வெயிலில் தாங்கள் கருவாடாகிப் போகாமல் சுகமாக இருக்க மடுமாதாவை மன்றாடித் தங்கை ஜெயனி எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், ஆடு இரண்டும் சுகம். கம்பியூட்டருக்கு மட்டும்தான் சுகமில்லை. அந்த நோயாளியைப் பற்றியே இக்கடிதம்.

முதலில் முக்கியமான விசயம். போன ஞாயிறு நீங்கள் ஸ்கைப்பில் வந்து, இன்னும் இரண்டு வருசம் அங்கேயே வேலை செய்யக் கையெழுத்து வைக்கட்டோ என்று கேட்டீர்களாம், அம்மா ஓம் என்றாவாம், சிங்கராசா மாமாவும் தலையாட்டினாராம். அடுத்த நாள் நீங்கள் என்ரை போனுக்கு அனுப்பின செய்தியைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். அண்ணா, அந்த ஓம் செல்லாது. கையெழுத்து வைக்காதேங்கோ. அண்டைக்கு அம்மாவின்ரை காதிலை ஒரு சொல்லும் விழேல்லை. இவ்வளவையும் செய்தியா அடிக்க ஏலாது, போனிலை சொல்லவும் ஏலாது, நான் போனைத் தூக்கினா அம்மாவின்ரை காது எனக்கு முதலே அதிலை ஒட்டியிருக்கும். அதுதான் சனிக்கிழமை கட்டாருக்குத் திரும்புற எட்வேட் அண்ணையிட்டைக் கருவாட்டுப் பொதியோடை குடுத்து விடுறன். கடிதத்தின்ரை மணத்துக்கு நான் பொறுப்பில்லை.

எல்லாம் நீங்கள் அனுப்பின சவுண்ட் காட்டாலை வந்த வினை. கம்பியூட்டர் ஊமையாக் கிடக்குது, ஒலி அட்டை வாங்கி அனுப்பியிருக்கிறார் எண்டு நான் தமிழ்ப்பாட நடையிலை சொல்ல, மாமா திகைச்சுப் போனார். "எடி பிள்ளை, அட்டை எண்டா கடலட்டை, நாங்கள் கடலிலை பிடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறது, வெளிநாட்டிலை இருந்து ஏனடி எங்களுக்கு அட்டை அனுப்புறான்?" எண்டார். பிறகு பெட்டியைத் திருப்பிப் பேரை எழுத்துக் கூட்டி வாசிச்சார். மரீனோ. பெட்டியை மேசையிலை போட்டிட்டுக் கையை உதறினார். உங்களுக்கு நினைவிருக்காது, நீங்கள் அப்ப கைக்குழந்தை, நான் பிறக்கவேயில்லை, அம்மா சொல்லித்தான் எனக்கும் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்கு ஓடேக்கை நடுக்கடலிலை நிண்டு போன எஞ்சின் மரீனோ. கயிறு இழுத்து இழுத்து அப்பாவின்ரை உள்ளங்கைத் தோல் உரிஞ்சது அந்த மரீனோவிலை. பிறகு வந்த வள்ளக்காரன் தன்ரை தகோரா எஞ்சினாலை கட்டி இழுத்துக் கரை சேர்த்தவன். அண்டையிலிருந்து எங்கடை வீட்டிலை தகோரா எண்டா மரியாதை, மரீனோ எண்டா மறியலிலை போட வேண்டிய ஆள். "கடலிலை கைவிட்டவன் கம்பியூட்டருக்கை கைகுடுப்பானோ?" எண்டு மாமா கேட்டார். காட்டைப் பூட்ட வந்த உப்புக்குளத்து மஹ்மூது நானா, அவரும் தொண்ணூறிலை இடம்பெயர்ந்து போய்ப் புத்தளத்திலை இருந்து திரும்பி வந்து இப்பதான் கம்பியூட்டர்க் கடை போட்டவர், பாவம், "அண்ணே, எஞ்சின் செய்யிற ஆக்கள் வேறை, இது செய்யிற ஆக்கள் வேறை, பேர்தான் ஒண்டு, நல்ல சாமான்" எண்டு சொல்லிப் பாத்தார். "பேர் ஒண்டெண்டா புத்தியும் ஒண்டுதான்" எண்டு மாமா தீர்ப்புச் சொல்லிப் போட்டார்.

பிறகென்ன, ஞாயிறு தவறாமல் முறைப்பாடு. அம்மா சொல்லுறா, "இது என்ரை பிள்ளையின்ரை குரல் இல்லை, தண்ணி குடிச்ச குரல்." மாமா சொல்லுறார், "கேட்டியே தங்கச்சி, நடுவிலை நடுவிலை நிக்குது, மரீனோப் பழக்கம்." நடுவிலை நிண்டது காட் இல்லை அண்ணா, நீங்கள்தான். சாப்பாடு எப்பிடி எண்டு அம்மா கேட்டா என்ன பொய் சொல்லலாம் எண்டு நீங்கள் யோசிக்கிற இடைவெளி அது. எனக்கு நல்ல வடிவாக் கேட்டது. ஆனா இந்த வீட்டிலை என்ரை காதுக்கு என்ன மதிப்பு?

அதுதான் ஒரு வேலை செய்தன். மாமாவின்ரை எஞ்சின் மூடியிலை இருந்த தகோரா ஸ்டிக்கரைப் பக்குவமா உரிச்சுக் கம்பியூட்டர்ப் பெட்டியிலை ஒட்டிப்போட்டு, மஹ்மூது நானா காட்டை மாத்திப் போட்டுட்டார் எண்டன். உள்ளுக்கை இருந்தது அதே மரீனோ. மாமா இண்டைக்கும் ஸ்டிக்கரைக் காகம் கொண்டு போனதெண்டு நம்பியிருக்கிறார். நீங்கள் அடுத்த கிழமை வந்து "அம்மா" எண்டியள், அவ்வளவுதான், மாமா கதிரையாலை எழும்பிட்டார். "பாத்தியே! ஒரே இழுவை!" அம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு, பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு எண்டா. நான் அடுப்படிக்குள்ளை போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சன். ஆனா அண்டையிலிருந்து ஞாயிறு எண்டா அம்மா பால்சுறா வாங்கி வறை வறுக்கிறா, உங்கடை கோப்பையைக் கழுவி எடுத்து வைக்கிறா. குரல் இவ்வளவு கிட்ட வந்திட்டுது, ஆள் வர எவ்வளவு நேரம் எண்டு கேக்கிறா. நான் ஆட்டுக்குக் குழை வெட்டப் போயிடுறன் அண்ணா. ஒருத்தரும் ஏவாமல் நான் குழை வெட்டுறது உலக அதிசயம் எண்டு உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு நடந்தது இதுதான். நீங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்கை குட்டியாடு மேசைக்குக் கீழை பூந்து ஸ்பீக்கர் வயரை இழுத்துப் போட்டுது. சத்தம் பொட்டெண்டு நிண்டிட்டுது. நான் கண்டனான். ஆர் முதல் வாய் திறக்கினம் எண்டு பாப்பம் எண்டு சும்மா இருந்தன். ஒருத்தரும் திறக்கேல்லை! தகோராவைக் குறை சொல்ல ஆருக்குத் துணிவு? மாமா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு, "என்ன துப்புரவான சத்தம்" எண்டார். நீங்கள் குனிஞ்சு நகத்தைப் பாத்துக்கொண்டு ஏதோ வாயசைச்சியள். அம்மா "ஓம் ராசா, ஓம்" எண்டா. அண்டு முழுக்க நினைச்சு நினைச்சுச் சிரிச்சன். அடுத்த நாள் உங்கடை செய்தி வந்தாப் பிறகு சிரிக்கேல்லை.

ஆவணித் திருவிழாவுக்கு வாறன் எண்டு சொன்னனீங்கள் அண்ணா. போன வருசம் மடுக் காட்டுக்கை கொட்டில் போட்டு, உங்களுக்கெண்டு ஒரு பாய் விரிச்சு, அதிலை அம்மா ஒருத்தரையும் இருக்க விடேல்லை. நான் கால் நீட்டினதுக்கு அடி வாங்கினனான். இந்த முறையும் அந்தப் பாயிட்டை அடி வாங்க ஏலாது. எனக்காக வரச் சொல்லேல்லை, எனக்கென்ன, ஊரிலை என்னட்டை ஏமாற ஆக்கள் குறைஞ்சு போச்சினம், அவ்வளவுதான். நீங்கள் இருந்தா ஒரு நாளைக்கு மூண்டு தரம் ஏமாறுவியள்.

ஆகவே அந்த ஓமைத் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். மடுமாதா தங்களையும், தங்கள் அறையில் படுக்கும் அனைவரையும், அவர்களுடைய குளிரூட்டியையும் காப்பாளாக. மாமாவின் அன்பும் ஆடுகளின் வணக்கமும்.

இப்படிக்கு,
தங்களை ஏமாற்றக் காத்திருக்கும்
ஜெயனி

பி.கு.: பொதி கட்டேக்கை அம்மா இந்தக் கடிதத்தை எடுத்து முழுக்க வாசிச்சிட்டா. நான் ஓட ஆயத்தமா வாசலிலை நிண்டன்.

"ஸ்டிக்கர் உரிக்க என்ரை மீன் கத்தியைத்தானே எடுத்தனி? நுனியெல்லாம் பசை. எனக்கு அண்டைக்கே தெரியும்" எண்டா.

"அப்ப ஏனம்மா குரல் கிட்டக் கேக்குது எண்டனீங்கள்?"

"கிட்டக் கேக்க வேணும் போலை இருந்தது."

"ஞாயிறு ஒண்டும் கேக்கேல்லைத்தானே?"

"கேக்கேல்லை. உன்ரை அப்பரும் இருந்த காலத்திலை தூரத்துக்கு வேலைக்குப் போகப் போறார் எண்டா நகத்தைப் பாத்துக்கொண்டுதான் கேப்பார். உன்ரை அண்ணனும் அப்பிடித்தான். விளங்கித்தான் ஓம் எண்டனான், பிள்ளையை மறிக்கக் கூடாதெண்டு."

ஆகவே அண்ணா, மேலே எழுதினது முழுக்கப் பிழை, அந்த ஓம் நல்ல ஓம்தான். கிழிக்கக் கேட்டன், அம்மா தரேல்லை. கடிதத்தை மடிச்சுக் கருவாட்டுக்கை வைச்சா. கொஞ்ச நேரம் கயிறு கட்டினா. பிறகு என்னைப் பாக்காமலே சொன்னா:

"அந்த ஸ்டிக்கரை உரிச்சு எறி. கையெழுத்து வைக்க முதல் இன்னொருக்காக் கேக்கச் சொல்லு. மரீனோவிலை கேட்டா எனக்கு ஒண்டும் விளங்காது, விளங்காமல் ஓம் சொல்லவும் மாட்டன்."

உரிச்சாச்சு அண்ணா. வயரும் கொளுவியாச்சு. ஞாயிறு கேளுங்கோ.