மே மே மாணிக்கம் – இரண்டாம் பாகம்

“ஆடு பேசுதது கேக்கலப்பா. உங்க பல்லு அடிக்குத தந்திதான் கேக்குது” என்றாள் குழல்வாய்மொழி.

உமாசங்கர் இரண்டு கைகளாலும் தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலையிலிருந்து இன்னும் ஐந்தருவித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மின் அலுவலகத்தில் புகார் போன் எடுப்பது அவர் வேலை. சாரல் காற்றில் மரம் சாய, கம்பி அறுந்துவிழ, வாரம் முழுக்கத் தென்காசியே அவர் காதுக்குள் கத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு குளியல், அப்புறம் ஒரு தூக்கம். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. மகள் ‘மே மே மாணிக்கம்’ இரண்டாம் பாகம் கேட்டாள்.

குளியலையும் படத்தையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று நினைத்ததுதான் வினை. அருவியில் வரிசை நகரவே இல்லை. துவட்டக்கூட நேரமில்லாமல் ஆட்டோ பிடித்து, “மாணிக்கம் படத்துக்கு மூணு” என்று கவுண்டரில் கத்தி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடியபோது, திரையில் மாணிக்கம் என்கிற ஆட்டுக்குட்டி ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தது.

“ஏசியக் குறைக்கச் சொல்லுங்க. காய்ச்சல்னு படுத்தா நாந்தான கஷாயம் வைக்கணும்?” என்றாள் மனைவி சண்முகப்பிரியா.

உமாசங்கர் எழுந்துபோய், டார்ச்சோடு வாசலில் நின்ற தியேட்டர் ஊழியர் பிச்சைமணியிடம் கெஞ்சினார். “அண்ணாச்சி, ஏசியக் கொஞ்சம் குறைங்களேன்.”

“குறைக்கதுக்கு வழியில்ல சார். அணைக்கத்தான் முடியும்.”

அணைத்தார். சற்று நேரத்தில் உமாசங்கரின் சட்டை காய்ந்தது. தியேட்டரில் மற்ற எல்லாருடைய சட்டையும் நனைந்தது.

“ஏலே, எவம்லே ஏசிய அணைக்கச் சொன்னது?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பிச்சைமணி டார்ச் வெளிச்சத்தை உமாசங்கரின் தலைமேல் அடித்துக் காட்டினார்.

உமாசங்கர் தலையைத் தாழ்த்திக்கொண்டு படத்தைப் பார்த்தார். முதல் பாகம் வந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. தாயும் மகளும் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதம் அந்த ஆட்டின் பேச்சாகவே இருந்தார்கள். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. இப்போது ஏழாவது.

“மொத பாகத்துல இந்த ஆடு எவ்வளவு அழகாப் பேசும்!” என்றாள் சண்முகப்பிரியா. “இதுல வாய் ஒரு பக்கம் போவுது, பேச்சு ஒரு பக்கம் போவுது.”

“அதே கதைம்மா. அதே சந்தை, அதே லாரி” என்றாள் மகள்.

“ரெண்டாம் பாகம்னா எல்லாவனும் இப்படித்தான் எடுக்கான். பழசையே திருப்பி அரைச்சுத் தருதான்” என்று சலித்துக்கொண்டாள் சண்முகப்பிரியா.

மகளின் முகம் வாடிக்கொண்டே போனது உமாசங்கருக்குத் தாங்கவில்லை. அப்பா சிரித்தால் பிள்ளையும் சிரிக்கும் என்று, காக்கா வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். எருமை வந்தபோதும் சிரித்தார். அதிலேயே களைத்துப்போய்க் கண்ணயர்ந்துவிட்டார். யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு விழித்தவர், கடமை தவறிவிட்டதோ என்று பதறி, முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்.

தியேட்டர் அமைதியாக இருந்தது. திரையில் தாய் ஆடு கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“ஏன்யா, தாய் ஆடு சாவுது. உமக்குச் சிரிப்பு வருதோ?” என்று முன்வரிசைக்காரர் திரும்பிக் கேட்டார்.

குழல்வாய்மொழி சீட்டோடு சீட்டாகச் சறுக்கி இறங்கினாள். “யாராவது கேட்டா நீங்க எங்க அப்பா இல்லைன்னு சொல்லிருவேன்.”

படம் முடிந்து வெளியே வந்தபோது அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது. “இதுக்காகவாப்பா இத்தன வருசமாக் காத்திருந்தேன்?”

அந்தக் கேள்வி உமாசங்கரை எங்கேயோ போய்த் தைத்தது. இத்தனை நாளில் ஊரார் புகாரையெல்லாம் கேட்டிருக்கிறார். தானாக ஒரு புகார் சொன்னதில்லை. நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

“யாருங்க இங்க பொறுப்பு? பேரைச் சொல்லுங்க மொதல்ல!”

வாரம் முழுக்கப் போனில் கேட்ட அதே குரல் தன் தொண்டையிலிருந்து வந்தது. சுகமாகத்தான் இருந்தது.

“முத்துராமலிங்கம் சார். நாங்க படம் ஓட்டுதவங்க, எடுக்குதவங்க இல்ல” என்றார் மேனேஜர் பணிவாக.

“ஓட்டுததுக்கு முன்னால பாக்க மாட்டியளா? சின்னப்பிள்ள மனசு உடஞ்சு போய் நிக்கி! மொத பாகம் எப்பேர்ப்பட்ட படம்!”

“அப்படிச் சொல்லுங்க” என்று சண்முகப்பிரியாவும் உள்ளே வந்துவிட்டாள். “அது படம்! பாத்துட்டு மூணு நாள் நான் சோறு திங்கல. அந்த ஆடு கண்ணால பேசும் சார். அத இப்படிக் கெடுத்து வச்சிருக்கானுவளே!”

மேனேஜர் சங்கடத்தோடு, கதவோரம் நின்ற பிச்சைமணியைப் பார்த்தார்.

பிச்சைமணி டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“ரெண்டாம் பாகத்துக்கு ஆளே வரலன்னு வெள்ளிக்கிழமையே தூக்கியாச்சு, தாயி. நீங்க இப்பப் பாத்துட்டு வந்ததுதான் மொத பாகம்.”