எந்த வீட்டில் ஓடுது ட்ரெட்மில்?

"ட்ரெட்மில்லா?" என்றாள் மனைவி.

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த கிரெடிட் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். அப்படித்தான் போட்டிருந்தது. ட்ரெட்மில் வாங்கிய கடன், ரெண்டு தவணை பாக்கி.

"எனக்கு எதுக்கு ட்ரெட்மில்? தினமும் மாடி ஏறி இறங்கியே முட்டி தேயுது."

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்."

துணி காய வைக்க இடமில்லாத கீழ்வீடு அவர்களுடையது. கட்டிலுக்கு மேலே கொடி கட்டியிருந்தார்கள். தூங்கும்போது ஈரச் சட்டைக் கை முகத்தைத் தடவும். அதனால்தான் மூன்றாம் மாடியில் பால்கனியோடு விலைக்கு வந்த வீட்டில் இருவரும் மனசை வைத்தார்கள். "சனிக்கிழமை வரைக்கும்தான் நிறுத்தி வைப்பேன்" என்றார் புரோக்கர். "ரிப்போர்ட்டைக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றார் பேங்க் அதிகாரி.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் மெக்கானிக் பிரின்ட் எடுக்கச் சொல்லியிருந்தார். ஒரே கூட்டம். கடைக்காரர் பெயரைப் படித்து, "கே இனிஷியல், யாருப்பா?" என்று கத்த, நாலு தலைக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் பிரித்துப் பார்த்தால் போன் நம்பர் தப்பு, அட்ரஸ் தப்பு, கடனும் தப்பு. பெயரும் இனிஷியலும் மட்டும் சரி.

மறுநாள் லிஃப்ட் பெட்டியின் தலையில் உட்கார்ந்தபடி ரிப்போர்ட் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார்.

"ரிப்போர்ட்டுல மேலே இருக்கிற நம்பரைச் சொல்லுங்க சார்."

சொன்னார்.

"ட்ரெட்மில்லை விசாரிக்க முப்பது நாள் ஆகும் சார். போன் நம்பரை இப்பவே மாத்திடலாம்."

"அதையாவது மாத்துங்க."

மாற்றினார்கள். மறுநாள் காலையிலேயே போன் அடித்தது.

"சார், வசூல் ஆபீஸ்லேர்ந்து பேசுறோம். ரெண்டு மாசமா உங்களைத் தேடுறோம். நேத்துதான் சரியான நம்பர் கிடைச்சுது."

அதற்குப் பிறகு மணிக்கொரு தரம் அழைப்பு. ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டை இவர் கிரீஸ் கையோடு நோண்டிக்கொண்டிருக்கும்போதும் அடித்தது. "நான் வாங்கவே இல்லைங்க" என்று ஐந்து நிமிடம் வாதாடினார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா கதவிடுக்கில் வாயை வைத்து, "தம்பி, அந்தத் தவணையைக் கட்டித் தொலைப்பா. எனக்கு மூச்சு முட்டுது" என்றார்.

சரி, அந்த அட்ரஸில் நான் இல்லை என்று காட்டிவிட்டால் போதும் என்று தோன்றியது. வாடகை ஒப்பந்தத்தை அனுப்பி அட்ரஸையும் திருத்தினார். ரெண்டாம் நாள் வசூல்காரர் வாசலில் நின்றார்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. மெஷினை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறேன்."

பாத்ரூமைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது ஈரத்துண்டு தலையில் விழுந்தது. அதை மடித்து மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மனைவி கதவைச் சாத்தினாள்.

"ஆள் இருக்கு. அட்ரஸ் இருக்கு. கடன் இருக்கு. மெஷின் மட்டும் இல்லை."

"அதைத்தானே நானும் தலைதலையா அடிச்சுக்கிறேன்."

"இந்த வீட்டுல இல்லாத ட்ரெட்மில் எந்த வீட்டுல ஓடுது?"

அன்று சாயந்திரமே மச்சான் போனில் வந்தான்.

"யாரு மாமா அது, உடம்பைக் குறைக்கிறவங்க?"

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. முப்பது நாள் காத்திருக்க நேரமில்லை. பால்கனியில் போட ரெண்டு நாற்காலி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு போய், ரெண்டு தவணையையும் கட்டினார். சாயந்திரமே ரிப்போர்ட் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"கட்டியாச்சு, இனிமே தொல்லையில்லை" என்றார் வீட்டுக்கு வந்து.

"ஓ, கட்டியாச்சா?" மனைவி ஈரத்துணியை உதறினாள். "அப்ப உங்களுதுதான்."

சனிக்கிழமை ராத்தூக்கம் கெட்ட கண்ணோடு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். புது ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போக வேண்டும். கடைப் படியேறும்போதே புரோக்கர் போனில் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். இப்பதான் ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டார். அவருக்கு லோன் இன்னைக்குக் காலையில ஓகே ஆயிடுச்சாம்."

மெக்கானிக் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்தார். கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ளே சாக்லேட்.

"எதுக்குங்க இது?"

கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து தூசி தட்டி ஒரு தாளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இதாங்க உங்க ரிப்போர்ட், ஒரு தப்பும் இல்லாம ஒரு வாரமா இங்கயே கிடக்கு, நீங்க எடுத்துட்டுப் போனது இன்னொரு கே இனிஷியலோடது, யாரோ புண்ணியவான் ட்ரெட்மில் பாக்கியைக் கட்டினதால பால்கனி வீடே வாங்கிட்டேன்னு அவர்தான் இந்தச் சாக்லேட்டைக் குடுத்துட்டுப் போறார்."