சிவப்பு மை விழுந்த காட்சி

சினிமாவால்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று வகுப்பில் முதல் நாளிலிருந்தே முழங்கியவன் நான். (வீட்டிலும்தான். அங்கே யாரும் கேட்டதில்லை.) அப்படி முழங்குகிறவன் தியேட்டர் பக்கம் போகாமல் இருந்தால் மானத்தோடு பிழைத்துக்கொள்வான்.

அப்போது அவனியாபுரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் புது இயற்பியல் வாத்தியார். பெரிய ஹீரோ படம் வெளியான அன்று பிளஸ் டூ வகுப்பில் பாதி பெஞ்சு காலி. தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"சார், போயி அம்புட்டுப் பேரையும் இழுத்துட்டு வாங்க. உங்களக் கண்டாத்தான் பயப்படுறாய்ங்க."

அதைக் கேட்டதும் என் மீசை தானாக முறுக்கிக்கொண்டது.

தியேட்டருக்குள் நுழையவும் விளக்கு அணையவும் சரியாக இருந்தது. திரையில் ஹீரோவின் கால் தெரிந்தது. வெறும் கால்தான், அதற்கே கூரை பிய்ந்தது. பக்கத்தில் நின்றவன், "அண்ணே, சும்மா நிக்கிறீங்களே, இந்தாங்க" என்று கிழித்த காகிதத்தை என் கை நிறையத் திணித்தான். முகம் வந்ததும் எல்லோரும் வீசினார்கள். நானும் வீசினேன். விசிலும் அடித்தேன் என்பது வதந்தி. (முயன்றேன், காற்றுதான் வந்தது.)

ஒரு துண்டு என் மூக்கில் வந்து ஒட்டியது. எடுத்துத் திரை வெளிச்சத்தில் பார்த்தால் சிவப்பு மையில் என் கையெழுத்து: 'தவறு. மீண்டும் படி.' முந்தின நாள் நான் திருத்திக் கொடுத்த விடைத்தாள்! திரும்பினேன். காகிதம் கொடுத்தவன் என் மாணவன் சிக்கந்தர்.

"சார்... நீங்களா?"

"உக்காருடா. இடைவேளையில போவோம்."

இடைவேளையில் போகவில்லை. படம் முடிந்துதான் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு வந்தேன். தலைமையாசிரியர் என் தலையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, மாணவர்கள் முன்னால் சொன்னார்: "சார், நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

இன்றும் டிவியில் அந்த ஹீரோ வந்தால் என் மனைவி, "உங்க அப்பாவுக்கு ஆள் அனுப்பவா?" என்பாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடங்களில் படத்துக்காக ஒருவரும் கட் அடிக்கவில்லை. ஆளுக்கொரு போனில், தனித்தனியாகப் பார்த்து முடித்துவிடுவார்கள். வருகைப் பதிவு முழுசாக இருந்தது, வகுப்பு வெறிச்சென்று இருந்தது. நான் இழுத்துவருவதற்காவது யாராவது தியேட்டருக்கு ஓடமாட்டார்களா என்று ஏங்கினேன்.

பணி நிறைவு விழாவுக்குச் சிக்கந்தர் வந்தான். தாடியெல்லாம் நரைத்திருந்தது. நான் மேடை ஏறியதும் பை நிறையக் காகிதத்தை அள்ளி என்மேல் வீசினான். ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைத்தாள்.

"என்னடா, ஒண்ணுலகூட என் எழுத்தைக் காணோம்?"

"இப்ப எங்க தப்பையெல்லாம் யாரு சார் திருத்துறா?"

அந்த வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். "நாளைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாடா" என்று மட்டும் சொன்னேன்.