கம்பவுண்டரின் முதல் புதன்கிழமை

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். ஏகாம்பரம் போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டு, போய்ப் பார்க்கும்படி மனைவி சொக்கம்மாளுக்குக் கையைக் காட்டினார். எழுந்து போனால் லீவு கெட்டுவிடும்.

லேசில் கிடைத்த லீவா அது? மானாம்பதிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவர் ஒருவரே கம்பவுண்டர். வாரம் முழுக்க வேலை. "ஏர் மாட்டுக்குக் கூட ஓய்வு கீது, எனுக்கு இல்ல" என்று எல்லப்பன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தினமும் புலம்பி, மனு மேல் மனு போட்டு, கடைசியில் டாக்டர் ஏசுதாஸ் ஒருவழியாகத் தலையாட்டியிருந்தார்.

"புதன்கிழமை சேட்டு மருந்து கொடுக்கட்டும்" என்றார் டாக்டர். சேட்டு, புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். "வேலை தடங்கலில்லாம நடந்தா எல்லாப் புதனும் உங்களுக்கு லீவு. ஜனங்க மருந்து வாங்காமத் திரும்பினாங்கன்னா அதோட சரி."

வாசலில் நின்றது பொன்னியம்மாள். கையில் காலி சீசா.

"ஆஸ்பத்திரில சேட்டு ஊத்தறேன்னாரு. எனுக்கு மனசு வரல. கம்பவுண்டரு கைதான் ராசி."

ஏகாம்பரத்துக்குத் திக்கென்றது. தன் கை ராசியான கை என்று ஊரெல்லாம் பரப்பிவிட்டவரே அவர்தான். யாரை நோவது?

"வயித்து வலின்னு சொல்லு. எழுந்திருக்க முடியலன்னு சொல்லு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

பொன்னியம்மாள் பதறிப்போய் ஓடினாள். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. பொன்னியம்மாளின் புருஷன் மாசி நாலு ஆளோடு உள்ளே வந்துவிட்டான்.

"ஊருக்கே மருந்து குடுக்கற மனுசன். உங்கள இப்டியே வுட்ருவமா?"

"ஒண்ணுமில்ல மாசி. சரியாப்பூட்சி."

"வலி முத்திப்போனா அப்டித்தான் இருக்கும்" என்று மாசி அவரைப் பாயோடு தூக்கி வண்டியில் போட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் லீவும் போகும், மானமும் போகும்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா சார்."

"இங்க?"

"அங்கயும் சார்."

"காஞ்சிபுரம் அனுப்பிடலாமா? ஆபரேஷன் ஏதாவது…"

"கொறையுது சார்."

ஊசி போட்டார்கள். கஞ்சி மட்டும்தான் ஆகாரம், பொழுது சாயும் வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

டாக்டர் தன் அறைக்குப் போனதும் சேட்டு வந்தார். "இருமல் மருந்து எந்த ஜாடி?"

"சேப்பு மூடி."

"ரெண்டு சேப்பு மூடி கீதே."

தப்பு மருந்தைக் கொடுத்து ஜனங்கள் திரும்பிப் போனால் என்ன ஆவது? "ரெண்டையும் இங்க எட்த்தா" என்றார் ஏகாம்பரம். ஜாடிகள் கட்டிலுக்கு வந்தன. ஜாடிகளுக்குப் பின்னால் பொன்னியம்மாள் முதலாகச் சீசாக்களோடு ஜனங்கள் வந்தார்கள். அவர் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மருந்தை ஊற்றினார். வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் காகிதத்தை வெட்டிச் சீசாவில் ஒட்டினார். டாக்டர் செருப்புச் சத்தம் கேட்டால் படுத்து முனகினார்.

லீவைக் காப்பாற்ற லீவு நாளில் வேலை செய்யும் மடையன் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் வலி பொய்யாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"ஏகாம்பரம், நான் நம்பவே இல்ல. ஒருத்தர் கூடத் திரும்பிப் போகல. வேலை இவ்வளவு சுறுசுறுப்பா என்னிக்கும் நடந்ததில்ல. இனிமே எல்லாப் புதனும் உங்களுக்கு லீவு."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பட்ட பாடு வீண் போகவில்லை.

கட்டிலுக்கடியில் பெருக்கிக்கொண்டிருந்த சிட்டம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"புதங்கியமை மட்டும் இன்னாத்துக்கு சார்? தெனிக்கும் லீவு குட்து இங்கியே படுக்க வச்சிடுங்க. டூட்டி நாள்ல இவர எல்லப்பன் கடைலேர்ந்து இட்டாந்து இட்டாந்து என் காலு தேஞ்சிபூட்சி."