ஆயிரம் வருஷத்துச் சொட்டு

அறுபத்து நாலு படி இறங்கிப் பாதாளத்துக்கு வந்தும் பிளம்பரின் காது சும்மா இருக்கவில்லை. டொக்... டொக்... எங்கேயோ ஒழுகுகிறது.

"தூணைப் பாருங்க! இந்த நிலத்தடித் தொட்டி கட்டி ஆயிரம் வருஷமாச்சாம்," என்றாள் மனைவி.

"நல்லாக் கட்டியிருக்கான்," என்றார், தூண் பக்கமே திரும்பாமல்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் வெளியூர்ப் பயணம். மற்றதெல்லாம் யார் வீட்டுக் குழாயாவது உடைந்து நின்றுபோனவை. அதனால் கிளம்பும்போதே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். "நாலு நாளைக்கு எந்தக் குழாயிலயும் கை வைக்கக் கூடாது. வெச்சீங்க, அடுத்த பஸ்ல நான் தனியா ஊருக்குப் போயிடுவேன்." சொன்னால் செய்கிறவள்.

டொக்.

நிமிஷத்துக்கு இருபது சொட்டு. ஒரு நாளைக்கு எத்தனை குடம்!

"பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"இப்பத்தானே போனீங்க?"

"தண்ணியப் பாத்தா வருது, என்ன பண்ணச் சொல்றே?"

கடைசித் தூணுக்குப் பின்னால் ஓர் இரும்புக் குழாய். மூட்டில் லேசாக ஈரம். மாட்டினியா! சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்த குட்டி ஸ்பேனரை எடுத்து ஒரு திருகு திருகினார்.

டொக்.

பக்கத்து வால்வை மூடினார். டொக். அதைத் திறந்துவிட்டு மேலே இருந்ததை மூடினார். குழாய் உறுமியது. டொக். ரோஷம் வந்துவிட்டது. "என்கிட்டயேவா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டை மறுபடி முறுக்கினார். மூட்டு கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் பீச்சியடித்தது. பார்க்க வந்த கூட்டம் அலறியடித்துப் படியேறியது. தொப்பலாக நனைந்து, இரண்டு கையாலும் குழாயைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே மனைவி. பை தோளில் ஏறியிருந்தது.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆயிரம் வருஷமாக் காப்பாத்தி வெச்ச தண்ணிம்மா! என் கண்ணு முன்னால சொட்டுச் சொட்டா வீணாப் போகுது. நான் எப்படிக் கையக் கட்டிக்கிட்டு நிப்பேன், நீயே சொல்லு."

அவள் தோளிலிருந்து பையை இறக்கினாள். அதைத் திறந்து துண்டை எடுத்தாள்.

"உங்கள மாதிரி ஒரு ஆளு..." என்று அவர் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். குரல் இளகியிருந்தது. "சரி, போகட்டும் விடுங்க. நல்லதுக்குத்தானே பண்ணீங்க."

அதற்குள் காவலாளி மேலே மெயின் வால்வை அடைத்துவிட்டு ஓடிவந்தார். பீச்சுவது நின்றது. டொக் மட்டும் நிற்கவில்லை. காவலாளி தரையில் கிடந்த ஸ்பேனரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், தூணில் இருந்த சுவிட்சைத் தட்டினார். டொக்கும் நின்றது.

"இந்த வருஷத்துல நீங்க மூணாவது பிளம்பர் சார். அது பாக்க வர்றவங்களுக்காக நாங்க ஸ்பீக்கர்ல போடற சத்தம்."