கூடத்துச் சுவரில் விழித்த கண்கள்

கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர்களை, வெறும் சுவருள்ள வீட்டுக்கு மருமகளாக அனுப்பக் கூடாது. என் பிறந்த வீட்டில் யோசிக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிது. கூடத்துச் சுவர் வெறிச்சென்று இருந்தது. பள்ளியில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கியவள் நான் (போட்டியில் வேறு யாரும் கலந்துகொள்ளவில்லை). வீட்டுச் சாமான்களையே கோத்து ஒரு பூவேலை போட்டால் என்ன என்று தோன்றியது. அத்தை, அதாவது என் மாமியார், கடைக்குப் போயிருந்த பகலில் அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ஆரம்பித்தேன். மேலே கத்தரிக்கோலின் இரண்டு வளையம், நடுவில் கரண்டி, கீழே சீப்பு. வளையங்கள் வெறுமையாகத் தெரிந்ததால் உள்ளே ஒவ்வொரு பொட்டு. இதையே சுவர் நெடுக வரிசையாகப் போட்டேன்.

தள்ளி நின்று பார்த்தேன். சுவர் என்னைப் பார்த்தது.

வளையங்கள் கண், கரண்டி மூக்கு, சீப்பு பல். அதுவும் ஒரு கூட்டமாக. நான் நகர்ந்த பக்கமெல்லாம் அந்தக் கண்கள் கூடவே வந்தன.

அத்தை வந்து பார்த்தார். கத்தவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வசந்தாவைப் பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள இதுங்கள அனுப்பிடும்மா."

(அழித்துவிடு என்றுகூடச் சொல்லவில்லை. 'அனுப்பிடு'.) வசந்தா என் நாத்தனார்.

நானும் என் கணவரும் சுண்ணாம்பு அடித்தோம். ஈரமாக இருந்தவரை முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. காயக் காய மறைந்தன. கடைசியில் பளீரென்று வெள்ளைச் சுவர். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று காலையிலிருந்தே மழை. மலை மொத்தமும் மேகத்துக்குள் போயிருந்தது. சாயங்காலம் கரண்டும் போனது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். வசந்தா காபித் தட்டைக் கொடுத்துவிட்டு, சுவரை ஒட்டி நின்றாள்.

ஓட்டு இடுக்கில் இறங்கிய மழை சுவரை நனைத்துக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வசந்தாவின் தோளுக்கு மேலே ஒரு கண் திறந்தது. பிறகு அதன் ஜோடி. அப்புறம் பற்கள். ஈரம் பரவப் பரவ, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு முகமாக விழித்துக்கொண்டு வந்தது. விளக்குச் சுடர் ஆட, கண்களும் ஆடின. மாப்பிள்ளையின் அம்மா கையில் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. வசந்தா மட்டும் ஒன்றும் தெரியாமல் தலைகுனிந்து நின்றாள்.

நான் வரைந்ததுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா முந்திக்கொண்டார்.

"இவ்ளோ நேரம் இல்லியே. பொண்ணு வந்து நின்னப்புறம்தான முழிச்சிது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அத்தை.

சம்பந்தம் போனது, கூடவே நானும் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டேன். அந்த அம்மா எழுந்து, சுவருக்கு முதுகு காட்டாமலே வாசல்வரை பின்னால் நடந்து, கணவரிடம் குசுகுசுத்தார். திரும்பி வந்து கை கூப்பினார்.

"எங்களுக்குப் பூரண சம்மதங்க. சீர் ஒண்ணும் வாணாம். பொண்ணு கோவமில்லாம வந்தா போதும்."

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அந்த மாமியார் கடைசிவரை வசந்தாவை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. கூப்பிடுவதே 'வாங்க, போங்க'தான். நடந்ததைச் சொல்லி அவர் பயத்தைத் தெளிவிக்கலாமா என்று ஒருமுறை வசந்தாவிடம் கேட்டேன். "சும்மா இருங்க அண்ணி" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாரையாவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், வசந்தாவிடமிருந்து முதலில் வரும் யோசனை இதுதான்: "எதுக்கு கவலைப்படறீங்க? அண்ணியக் கூப்ட்டு செவுத்துல கொஞ்சம் கிறுக்கச் சொல்லுங்க."