ஆதிபாவுக்கு ஒரு நல்ல வாரம்

தான் வளர்த்த பிள்ளையைத் தானே கிணற்றில் தள்ளிவிட்டு, அதன் கட்டின் மேல் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பவர்களை நீங்கள் கண்டதுண்டா? பொலிஸ் அவர்களைப் பிடிப்பதில்லை. ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துகிறது. தொடர்கதை எழுத்தாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர்.

மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்கும் ஸக்கரியா ஹாஜியார் இந்த இனத்தில் முதல் தரம். வாரப் பத்திரிகையில் வரும் அவரது தொடர்கதையின் நாயகி ஆதிபா, லக்கலப் பக்கத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்பவள். அவள் மீது ஹாஜியாருக்கு உயிர். அதனால்தான் யானையை விட்டு அவள் சேனையை மிதிக்க வைத்தார், புருஷனை ஆற்றோடு அனுப்பினார், கூடப் பிறந்த தம்பியை ஏவிக் காணியைப் பறித்தார், அத்தனைக்கும் அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பொறுமையாக இருந்து தொலைத்ததால், அடுத்து அவள் கண்பார்வையில் கை வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அழுதார். பொய்யழுகை அல்ல. கண் துடைத்த லேஞ்சி நனைய, மூக்குச் சிவக்க, கடையில் நிற்பவர்கள் பயந்துபோகும்படி அழுதார். "நான் என்ன செய்ய? கதை கேக்குது!" என்பார். அந்தக் கதை ஒருநாளாவது அவளுக்கு ஒரு பிடி நல்ல சோறு கேட்டதுண்டா?

அவர் காகிதத்தில் எழுதுவதைப் போனில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது மனைவி கைறுன்னிஸா. அந்த வாரம் அவளுக்குக் கன்னம் வீங்கியிருந்தது.

"இங்க பாருங்க, பல்லுவலி தாங்க ஏலாம ஈக்கிது. டொக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்களேன்."

"ஆதிபாவுக்குக் கண்ணே போகப்போகுது, நீ பல்லைப் பத்திப் பேசுறியே! ரெண்டு கராம்பை வச்சுக் கடி."

கராம்புக்கா அந்த வீட்டில் பஞ்சம்? கடித்தாள். ஹாஜியார் ஆதிபாவைக் குருடாக்கி முடித்துவிட்டு மதியச் சோற்றைத் தள்ளி வைத்தார். "அந்தப் புள்ள இருட்டுல தடவித் தடவி நடக்குறா, எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? அவளக் காப்பாத்த ஒருத்தருமே இல்லியே!" என்று விம்மினார். எதிரே கைறுன்னிஸாவின் தட்டிலும் சோறு அப்படியே கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

கைறுன்னிஸாவுக்கு இளகிய மனது. வலியோடு வலியாகப் போனை எடுத்தவள், அவர் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஓர் அத்தியாயம் அடித்தாள். போன வாரமே மங்கத் தொடங்கியிருந்த ஆதிபாவின் கண் ஆஸ்பத்திரியில் சுகமானது. தம்பி வந்து அழுது காணியைத் திருப்பிக் கொடுத்தான். ஆதிபா முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ குடித்தாள். அவ்வளவுதான். பத்திரிகையில் யார் படித்துப் பார்க்கிறார்கள்? அப்படியே அச்சாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையைப் பிரித்த ஹாஜியாரின் முகம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் மலர்ந்தது. 'கண் வந்துட்டுதா மகளே!' பிறகுதான் ஆத்திரம் வந்தது.

"யாரு இவளக் காப்பாத்தச் சொன்னது?"

"காப்பாத்த ஆளில்லன்னு நீங்கதானே அழுதீங்க?"

"அழுதா, காப்பாத்திடணுமா?"

கைறுன்னிஸா அபாயாவைப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு நிஷ்மியாவோடு ஆட்டோவில் ஏறிப் பல் பிடுங்கப் போய்விட்டாள். ஹாஜியார் அதைக் கவனிக்கவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் யாழ்ப்பாணத்து ஆறுமுகநாதன், அவரது பரம ரசிகர்.

"என்ன ஹாஜியார், இந்தக் கிழமை ஒண்டும் நடக்கேல்லையே? அவ தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறா. அது எங்கட வீட்டிலயும்தானே நடக்குது! உங்களுக்கு உடம்புக்கு ஏதுமோ?"

பள்ளிவாசலில் இன்னொரு வாசகன் ஸுஹைல் கையைப் பிடித்துக்கொண்டான். "பாவம்தான் அந்தப் புள்ள. ஆனா கண்ணு வராமலே இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் ஹாஜியார்."

ஹாஜியார் வீட்டுக்கு வந்து ஆதிபாவின் தலையில் மலையைச் சரித்தார். எழுதி முடித்துத் தேம்பிக்கொண்டிருக்கையில், வாயில் பஞ்சும் கண்ணில் நீருமாகக் கைறுன்னிஸா உள்ளே வந்தாள்.

"பாத்தியா, உனக்கும் தாங்க ஏலல்ல!" என்றார், உருகிப்போய்.

பேச முடியாதவள் காகிதத்தைப் படித்துவிட்டுப் போனில் அடித்துக் காட்டினாள்: "என் கையால அவளக் கொல்ல ஏலாது. நீங்களே அனுப்புங்க."

ஆகவே ஹாஜியார் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி ஆதிபாவைக் கொல்ல வேண்டியதாயிற்று. மண்ணுக்கு வெளியே அவள் கை தெரியும் இடத்தில் விரல் நின்றது. உண்மையிலேயே நின்றது. இப்போதுகூட யாராவது வந்து அந்தக் கையைப் பிடித்து இழுக்கலாம். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆறுமுகநாதனின் குரல் காதில் கேட்டது. அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மாத்தளையே அழுதது. ஆறுமுகநாதன் போனில் விக்கி விக்கி அழுதார். "இதெல்லோ கதை!"

ஹாஜியாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆதிபா முற்றத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தபோது, உங்கள் கண் அவசரமாக அடுத்த வரிக்கு ஓடியதே, எதைத் தேடி ஓடியது?